கால் நகராத படங்கள்

அக்கா மகள் கேமரா வாங்கிய முதல் வாரமே என்னிடம் வந்தாள். "கம்போசிஷன் மட்டும் சொல்லிக் கொடுங்க சித்தி, மத்ததெல்லாம் நானே பாத்துக்கிறேன்" என்றாள். படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதைத்தான் கேட்டாள். எனக்கு முதல் பாடமாக எது சொல்லப்பட்டதோ அதையே நானும் அவளுக்குச் சொன்னேன். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு. அவை வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஏதாவது ஒன்றில் உன் ஆளை வை. நட்ட நடுவில் வைக்காதே. தொடுவானம் வந்தால் மேல்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ நிறுத்து. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது. அவளும் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து 140 படங்கள் அனுப்பினாள். நாய், தோழி, படகு, ஜன்னல், பூனை, மழையில் நனைந்த நாற்காலி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. எல்லாம் புள்ளியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோது ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போலிருந்தது. நாய் இருந்த இடத்தில் படகு, படகு இருந்த இடத்தில் தோழி. "எது சரியில்ல சித்தி? ஏதோ ஒண்ணு குறையுது, எனக்குப் புரியல" என்று கேட்டிருந்தாள். எனக்கும் புரியவில்லை. "நல்லாத்தான் இருக்கு, தொடர்ந்து எடு" என்று பதில் அனுப்பினேன். அந்தப் பதில் என்னைச் சில வாரங்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளை நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு நான் பாராட்டைச் சொல்லித் தப்பித்துவிட்டேன்.

உறுத்தல் தாங்காமல் என் பழைய படங்களையே எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு வருடத்துப் படங்களில் எனக்குப் பிடிக்காமல் போனவை 40. எல்லாவற்றையும் புதிதாகக் கிராப் செய்து பார்த்தேன். ஆளை இடதுபக்கப் புள்ளிக்கு நகர்த்தினேன், வலதுபக்கத்துக்கு நகர்த்தினேன், சதுரமாக வெட்டினேன், நீளமாக வெட்டினேன். மூன்றோ நான்கோ கொஞ்சம் தேறின. மற்றதெல்லாம் எங்கே வெட்டினாலும் அப்படியேதான் இருந்தன. கோளாறு விளிம்பில் இல்லை, படத்துக்குள்ளேயே இருந்தது என்பது வரைக்கும் புரிந்தது. அது என்ன கோளாறு என்று மட்டும் பிடிபடவில்லை.

அந்த நாட்களில்தான் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்', அதாவது மூன்றிலொரு பங்கு விதி, என்ற பெயரை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். செதுக்கோவியக் கலைஞர். நாட்டுப்புறக் காட்சிகளை வரைவதைப் பற்றிய ஒரு நூலில் இதைச் சொல்கிறார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்துக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் முந்தியது அந்த நூல். அவர் பேசியது புள்ளிகளைப் பற்றியே அல்ல. ஒரு படத்தில் வெளிச்சமும் இருட்டும், நிலமும் வானமும் சரிபாதியாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்; ஒன்று இரண்டு பங்கு, மற்றது ஒரு பங்கு என்று இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பதுதான் அவருடைய யோசனை. அதாவது எதற்கு எவ்வளவு இடம், எது தலைமை, எது துணை என்ற கேள்வி. அது கைமாறிக் கைமாறி வந்து, 'ஆளைக் கொண்டுபோய் இந்தப் புள்ளியில் வை' என்று சுருங்கிவிட்டது. நானும் அந்தச் சுருங்கிய வடிவத்தைத்தான் அவளிடம் கொடுத்திருந்தேன்.

ஏரிக்கரையில்

சரி, அவள் படம் எடுப்பதை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். கரையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு, கம்பில் தொங்கவிட்டிருந்த வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவளைவிட அரைத் தலை உயரம். படம் எடுக்கலாமா என்று கேட்டோம். வேலையை விடாமலே தலையை ஆட்டினார்.

நான் நான்கு அடி தள்ளி நின்று அவளை மட்டும் கவனித்தேன். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். பெரியவர் நடுவில் இருந்தார். கேமராவை மெல்ல வலது பக்கம் திருப்பினாள், அவர் இடதுபக்கக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள், கிளிக். பிறகு நெடுக்குவாக்கில் பிடித்து ஒன்று. ஜூம் செய்து ஒன்று. மறுபடி அகலமாக ஒன்று. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்பாள். அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய கால்களை. வந்து நின்ற இடத்தில் இரண்டு பாதமும் ஊன்றியபடி இருந்தன. அவை நகரவே இல்லை. கேமரா சுழன்றது, இடுப்பு திரும்பியது, கால் மட்டும் அங்கேயே இருந்தது.

அந்த 140 படங்களும் எனக்கு அந்த நொடியில் புரிந்தன. என்னுடைய 40 படங்களும் சேர்த்துத்தான்.

அவள் எடுத்ததைத் திரையில் பார்த்தோம். பெரியவர் புள்ளியில்தான் இருந்தார். ஆனால் ஏரியின் எதிர்க்கரை ஒரு கரும்பட்டையாக வந்து சரியாக அவர் கழுத்தை வெட்டிக்கொண்டு போனது. அவருக்குப் பின்னால் தண்ணீரில் நட்டிருந்த ஒரு கழி, அவர் உச்சந்தலையிலிருந்து முளைத்தது போல நின்றது. பன்னிரண்டு படத்திலும் அதே கழுத்து, அதே கழி. ஜூம் செய்த படத்தில் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். "இது ரெண்டும் எடுக்கும்போது கண்ணுல படவே இல்ல சித்தி" என்றாள். பொய் இல்லை. எனக்கும் அப்படித்தான் எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு இரண்டு கண்கள். இரண்டும் சற்றே வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால், பக்கத்தில் நிற்கும் மனிதரையும் தூரத்தில் நிற்கும் கழியையும் மூளை தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது. போதாததற்கு நாம் மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேண்டாதது மனதிலிருந்து தானாக விலகிவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டிவிடும். பின்னணியை மங்கலாக்கிவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். எஃப் 1.8 என்று லென்ஸின் துளையை அகலத் திறந்து வைத்தாலும் கழி போய்விடுவதில்லை. கூர்மையான கழிக்குப் பதிலாகக் குழம்பிய கழி தலையிலிருந்து முளைக்கும்.

"கேமராவைக் கீழே தொங்கப் போடு" என்றேன். "ஒரு கண்ணை மூடிக்கோ. பெரியவர் தலையையும் அந்தக் கழியையும் மட்டும் பாரு. இப்ப இடது பக்கமா ஒரே ஒரு அடி வை."

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓர் அடி வைத்தாள். நின்றாள். திரும்பப் பழைய இடத்துக்கு வந்தாள். மறுபடி இடது பக்கம் போனாள். "கழி நகருது சித்தி!" என்றாள். அவள் குரல் கேட்டுப் பெரியவரே திரும்பிப் பார்த்தார். அவள் இடது பக்கம் போகப் போக, கழியும் பெரியவர் தலையிலிருந்து விடுபட்டு இடது பக்கமாகவே நழுவியது. சின்ன வயதில் நடக்கும்போது நிலா கூடவே வருமே, அதே சங்கதிதான். தூரத்தில் இருப்பது நாம் போகும் பக்கமே கூட வரும், பக்கத்தில் இருப்பது பின்தங்கும். நிலாவை அப்படிக் கூட்டிக்கொண்டு போன நாம், கையில் கேமரா வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

கழுத்தை வெட்டிய கரைக்கு வேறு வழி. தொடுவானக் கோடு எப்போதும் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் தெரியும். தண்ணீருக்கு அப்பால் தொலைவில் உள்ள கரையும் ஏறக்குறைய அங்கேதான் வரும். அவள் கண் உயரம் பெரியவரின் கழுத்து உயரம்; அதனால் கரை அவர் கழுத்தில் விழுந்தது. அவள் நின்றுகொண்டு எடுக்கிற வரைக்கும், கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கழுத்திலிருந்து இறங்காது. குந்தி உட்கார்ந்தால் கேமரா அவர் இடுப்புக்குக் கீழே வந்துவிடும், கரையும் அங்கே இறங்கிவிடும். அப்போது மார்பும் தலையும் கைகளும் வெறும் வானத்தின் மேல் நிற்கும். இல்லையென்றால் பின்னாலிருக்கும் கரைமேட்டில் ஏறிக்கொள்ளலாம். கரை அவர் தலைக்கு மேலே போய்விடும், முழு உருவமும் தண்ணீரின் மேல் விழும். ஒரே மனிதர், ஒரே வலை, ஒரே காலை. குந்தினால் ஒரு படம், ஏறினால் வேறு படம்.

அவள் இரண்டையும் செய்து பார்த்தாள். மேட்டிலிருந்து எடுத்ததில் தண்ணீரின் நிறமும் வலையின் நிறமும் கலந்துபோய் வலை தெரியவில்லை. குந்தி எடுத்ததில் வலையின் ஒவ்வொரு கண்ணியும் வெளிச்சத்தில் எழும்பி நின்றது, அதற்குள்ளே விரல்கள். அந்தப் படத்தில் பெரியவர் கிட்டத்தட்ட நடுவில்தான் இருந்தார். அதை அவளும் கவனிக்கவில்லை, வீட்டுக்கு வந்து வெகுநேரம் வரைக்கும் நானும் கவனிக்கவில்லை.

ஜூம் செய்ய முடியாதது

எனக்கு அந்தக் காலையில் ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. ஒரு படத்துக்குள் எது எதன் மேல் விழுகிறது, எது எதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, எதற்கும் எதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் முடிவு செய்வது நாம் நிற்கும் இடம். ஃப்ரேம் அதை வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். வெட்டுவதைப் பிறகும் செய்யலாம், வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாலு விதமாகச் செய்யலாம். நின்ற இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. அப்படியிருக்க, பிறகும் செய்யக்கூடிய ஒன்றை முதல் பாடமாகவும், அப்போதே செய்தாக வேண்டிய ஒன்றை என்றைக்கோ ஒரு நாள் வரும் பாடமாகவும் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த வரிசை தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜூமைப் பற்றி ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. 28 மி.மீ. அகல லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், 85 மி.மீ. அழகாக்கும் என்பார்கள். லென்ஸ் அதைச் செய்வதில்லை, தூரம் செய்கிறது. ஒருவருடைய மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு 30-இல், காது 42-இல் இருக்கிறது. மூக்கு இருக்க வேண்டியதைவிட 40 சதவீதம் பெரிதாக வந்துவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 150-க்கு 162. வித்தியாசம் 8 சதவீதம்தான். அகல லென்ஸ் நம்மைக் கிட்டே போகச் சொல்கிறது, 85 தள்ளிப் போகச் சொல்கிறது. கோணலோ அழகோ அந்த நடையில்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸிலும் எடுத்து, 28-இல் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

வாசலுக்குள் ஓர் ஆளை நிறுத்தி எடுக்கும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் சட்டம் என்பார்கள், எனக்கு மிகவும் பிடித்த உத்தி. நம்மிடமிருந்து வாசல் நிலை 1 மீட்டரில், ஆள் 3 மீட்டரில் இருந்தால், ஆள் நிலைக்குள் தொலைந்து போய்ச் சின்னதாகத் தெரிவார். உடனே ஜூம் செய்யத்தான் கை போகும். ஜூம் செய்தால் நிலையும் சேர்ந்து வளர்ந்து விளிம்புக்கு வெளியே போய்விடும். 2 மீட்டர் பின்னால் நடந்து பாருங்கள். இப்போது நிலை 3-இல், ஆள் 5-இல். முன்பு ஆள் நிலையைப் போல மூன்று மடங்கு தூரத்தில் இருந்தார், இப்போது இரண்டு மடங்குகூட இல்லை. நிலைக்குள் ஆள் நிறைந்து நிற்கிறார். ஜூம் அதற்கப்புறம்தான். பாதை, படிக்கட்டு, வேலி என்று கண்ணை இழுத்துக்கொண்டு போகும் கோடுகளும் இதே கணக்குத்தான். கோடு படத்தின் மூலையிலிருந்து கிளம்புகிறதா, நடுவிலிருந்து கிளம்புகிறதா, ஆளிடம் போய்ச் சேருகிறதா, அவரைத் தாண்டிப் போய்விடுகிறதா என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டு பழைய படங்கள்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லேங்கின் 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்களின் முகாமில் எடுத்தது. அந்த முகாமின் பலகையைப் பார்த்துவிட்டுக் காரில் 20 மைல் கடந்து போனபிறகு, மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததாக லேங்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நமக்குத் தெரிந்த அந்த ஒரு படத்தோடு, அதே இடத்தில் அவர் எடுத்த மற்ற படங்களும் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தூரத்திலிருந்து எடுத்ததில் கூடாரம் முழுவதும் தெரிகிறது. சாமான்கள், பிள்ளைகள், இவ்வளவுக்கும் நடுவில் அந்தத் தாய். அடுத்ததில் இன்னும் கிட்டே. இன்னும் கிட்டே. கடைசியில் கூடாரம் போய்விட்டது, சாமான்கள் போய்விட்டன. இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, கன்னத்தில் ஒட்டிய கை. ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒன்று படத்தை விட்டு வெளியேறியிருக்கிறது. தாயின் முகம் மேல்பாதியில் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. அதைக் கட்டத்தில் பொருத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தப் படத்தின் கீழ்ப்பக்க வலது மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் இருந்தது. பிறகு அது நெகட்டிவில் மறைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கலைஞருக்கும் மூலையில் ஒரு விரல் மிச்சம் வந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. கூடவே மூலைகளைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. இப்போதெல்லாம் அழுத்துவதற்கு முன்னால் கண்ணை நான்கு மூலைக்கும் ஒரு சுற்று அனுப்புகிறேன். அரை நொடி வேலை.

நகர முடியாத நேரமும் உண்டு, அதை மறுக்கவில்லை. 1932-இல் பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெசோன் எடுத்த படம், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்தது அது. லென்ஸ் முழுவதும் நுழைய இடமில்லாததால் இடது பக்கம் வேலி மறைத்துவிட்டது. படத்தை வெட்டுவதையே விரும்பாத அவர், இதை வெட்டித்தான் வெளியிட்டார். குதிப்பவருக்குக் கீழே தண்ணீரில் அவருடைய நிழலுருவம், பின்னால் சுவரொட்டியில் அதே போலத் தாவும் ஒரு நடனக்காரி, குதிகாலுக்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இவை அந்த இடுக்கிலிருந்து பார்த்ததால் அப்படி அமைந்தவை. இரண்டடி தள்ளிப் பார்த்திருந்தால் சுவரொட்டி வேறெங்கோ போயிருக்கும், எந்தக் கத்தரியாலும் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியாது.

நகர்வதற்குள் போய்விட்டால்

கட்டக்கோடுகளைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கேமராவில் இன்றும் அவை இருக்கின்றன. தொடுவானம் சாயாமலிருக்க உதவுகின்றன. பக்கவாட்டில் பார்க்கும் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் காலியிடம் விட வேண்டும் என்று நினைவூட்டுகின்றன. ஆனால் அக்கா மகளிடம் மட்டும் மூன்று மாதம் அவற்றை அணைத்துவைக்கச் சொன்னேன். அதற்குப் பதில் ஒரு பழக்கம் கொடுத்தேன். ஒரு பொருளை எடுத்தால் எட்டு இடத்திலிருந்து எடு. ஜூம் கூடாது, கிராப் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் காலாவது முழங்காலாவது நகர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வந்தபோது அவளே ஒரு கேள்வியோடு வந்தாள். "நான் நகர்ந்து சரியான இடம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அவங்க போயிடுறாங்களே சித்தி, என்ன பண்றது?" அருமையான கேள்வி. 140 படங்கள் வந்த நாளில் அவளுக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது. இடத்தை முதலில் பிடி, ஆள் தானாக வருவார் என்றேன். எங்கே வெளிச்சம் விழுகிறது, எந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறது, கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்து நில். யாராவது அதற்குள் நடந்து வரும்வரை காத்திரு. வராமலும் போகலாம். அப்புறம் நாளைக்குப் போ.

போன வாரம் ஒரே ஒரு படம் அனுப்பினாள். வளைந்து இறங்கும் ஒரு மாடிப்படி. மேலேயிருந்து விழும் வெளிச்சம் நடுப்படியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு சிறுவன் ஒரு காலை அந்தரத்தில் வைத்திருக்கிறான், கைப்பிடிக் கம்பியின் நிழல் அவனைத் தொடாமல் ஓரமாகப் போகிறது. "40 நிமிஷம் நின்னேன் சித்தி. மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் ஓரமாவே போயிட்டாங்க. இவன்தான் நடுவுல இறங்குனான்" என்று கீழே எழுதியிருந்தாள்.

"எங்க நின்னே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதிலுக்கு இன்னொரு படம் வந்தது. படிக்கட்டின் கீழே சுவர் மூலை. அங்கே அவள் கழற்றி வைத்திருந்த இரண்டு செருப்புகள்.